சாட்ஸ்வொர்த் மேட்டில், இருக்கிற தெருக்களிலேயே சைக்கிள் பாதை: எங்கே தொடங்குவது?

மேட்டுவீடு (சாட்ஸ்வொர்த்)

வணக்கம். எங்கள் சாட்ஸ்வொர்த் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில். நகராட்சியின் அடுத்த ஐ.டி.பி. (ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம்) கருத்துக்கேட்புக்கு எங்கள் வார்டு கமிட்டி சார்பாக ஒரு சைக்கிள் பாதை வரைபடம் கொடுக்கலாம் என்று பேச்சு. புது ரோடு எதுவும் கேட்கப் போவதில்லை, இருக்கிற தெருக்கள்தான். ஆர்.கே. கான் ஆஸ்பத்திரி, சாட்ஸ்வொர்த் சென்டர், ரயில் ஸ்டேஷன்கள், பங்களாதேஷ் மார்க்கெட், பள்ளிகள், இவை ஒன்றோடொன்று சேர வேண்டும்.

கமிட்டியில் இரண்டு கட்சி. பெரிய ரோட்டு ஓரத்தில் வெள்ளைக்கோடு போட்டால் போதும் என்கிறது ஒன்று. பெரிய ரோட்டுப் பக்கமே போகக்கூடாது, பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகலாம் என்கிறது இன்னொன்று. தெருக்கள் பெரும்பாலும் 7 மீட்டர் சொச்சம் அகலம். டாக்ஸி (வழியில் ஆள் ஏற்றி இறக்கும் மினிபஸ்) நினைத்த இடத்தில் நிற்கும். மேடு பள்ளத்தைப் பற்றி உங்களுக்கே தெரியும்.

எதை முதலில் அளக்க வேண்டும்? எந்தத் தெருவில் பாதையைப் பிரிக்க வேண்டும், எதில் வேண்டியதில்லை? விவரம் தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

சங்கிலி (டர்பன்)

கோடு எங்கே என்பது பிறகு. முதல் வேலை தெருக்களைத் தரம் பிரிப்பது.

அமெரிக்காவின் மினெட்டா போக்குவரத்து ஆய்வு நிலையம் 2012-ல் வெளியிட்ட ஒரு முறை உண்டு. ஒவ்வொரு தெருத்துண்டுக்கும் 1 முதல் 4 வரை அழுத்த மதிப்பெண். 1 என்றால் பிள்ளைகள் ஓட்டலாம். 2 என்றால் பெரியவர்களில் பெரும்பாலோர் தயங்காமல் ஓட்டுவார்கள். 3 பழகியவர்களுக்கு, 4 துணிந்தவர்களுக்கு மட்டும். ஒரு வழியின் மதிப்பெண் சராசரி பார்த்துப் போடுவதல்ல. அதிலுள்ள மோசமான துண்டு எதுவோ அதன் மதிப்பெண்தான் வழி முழுவதற்கும். இரண்டு கி.மீ. அமைதியான தெருவுக்கு நடுவில் ஹைவேயில் ஏறும் வளைவு 40 மீட்டர் வந்தால் அந்த வழி மொத்தமும் 4.

தரம் பிரிக்க இரண்டு எண் போதும். ஒன்று, எத்தனை வண்டி. காலை உச்ச நேரத்தில் ஒரு மணி நேரம் எண்ணுங்கள். அதைப் பத்தால் பெருக்கினால் நாள் கணக்கு ஏறத்தாழ வந்துவிடும். இரண்டு, வேகம். நேரான இடத்தில் 50 மீட்டர் இடைவெளியில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு, முன்னால் வண்டி இல்லாமல் தனியாக வரும் 100 வண்டிகளுக்கு நேரம் எடுங்கள். 6 நொடி என்றால் மணிக்கு 30 கி.மீ., 4.5 நொடி என்றால் 40, 3 நொடி என்றால் 60. வேகமானதிலிருந்து வரிசைப்படுத்தி 15-வது வண்டியின் வேகத்தை எழுதிக்கொள்ளுங்கள். பலகையில் எழுதியிருக்கும் வேகத்தை எடுக்காதீர்கள். நம் நாட்டில் ஊருக்குள் பொது வரம்பே 60. பலகை இல்லாத சந்தில்கூடச் சட்டப்படி 60 தான்.

நாளுக்கு 2,500 வண்டிக்குள், வேகமும் 30-ஐ ஒட்டி இருந்தால் தனிப்பாதை வேண்டாம், சைக்கிளும் காரும் கலந்து போகலாம். வண்டி குறைவு, வேகம் மட்டும் அதிகம் என்றால் முதலில் வேகத்தைக் குறையுங்கள். இரண்டும் அதிகமென்றால் கல் வைத்துப் பிரிக்க வேண்டும். 50-க்கு மேல் வண்டி ஓடும் இடத்தில் வெறும் பெயிண்ட் கோடு யாரையும் காப்பாற்றாது.

பிறகு வரைபடத்தில் 1, 2 மதிப்பெண் துண்டுகளுக்கு மட்டும் வண்ணம் தீட்டுங்கள். தீவு தீவாகத் தெரியும். ஒவ்வொரு யூனிட்டின் (சாட்ஸ்வொர்த்தின் குடியிருப்புப் பிரிவு) உள்தெருக்களும் ஒரு தீவு. நடுவில் ஹிக்கின்ஸன் ஹைவே, ரயில் பாதை, ஓடை. தீவையும் தீவையும் பிரிக்கும் இடம் பல நேரம் 20 முதல் 150 மீட்டர்தான் இருக்கும். அந்தத் துண்டுகளைச் சரிசெய்யக் கேளுங்கள். இரண்டு பெரிய தீவுகளைச் சேர்க்கும் 60 மீட்டர், எங்கும் போய்ச் சேராத இரண்டு கி.மீ. பாதையைவிட மேல். நகராட்சிகள் விரும்பிச் செய்வது என்னவோ இரண்டாவதைத்தான், கி.மீ. கணக்கு காட்ட அது வசதி.

தேவி (ஃபீனிக்ஸ்)

சங்கிலி அண்ணா சொன்ன முறையில் மேடு கணக்கிலேயே இல்லை. சமதள ஊருக்கு அது போதும், சாட்ஸ்வொர்த்துக்குப் போதாது.

ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 90 கிலோ என்று வையுங்கள். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் 4% மேடு ஏற, உருளும் தடையையும் சேர்த்து ஏறத்தாழ 95 வாட் வேண்டும். 6% மேட்டுக்கு 135 வாட். பயிற்சி இல்லாத சாதாரண ஆள் தொடர்ந்து தரக்கூடியது 100 வாட் சுமார். அதனால் 4% வரை யாரும் ஏறுவார்கள். 6% மேடு 100 மீட்டருக்கு மேல் நீண்டால் இறங்கித் தள்ளுவார்கள். பின்தெரு வழி 10% மேட்டில் போகிறது என்றால், கார் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அது காகிதத்தில் மட்டும் இருக்கும் வழி.

பின்தெருக் கட்சி இடறுவது இங்கேதான். மேட்டு ஊரில் பெரிய ரோடு வழக்கமாக மேட்டுமுதுகின் மேலேயோ பள்ளத்தாக்கின் அடியிலேயோ நீளவாக்கில் ஓடும். சரிவு குறைந்த இடம் அதுதான் என்று பார்த்துத்தான் ரோடு போட்டிருப்பார்கள். சின்னத் தெருக்கள் அதிலிருந்து குறுக்கே விழும், பாதி முட்டுத்தெருவாக முடியும். சமதளமான பாதையை மோட்டார் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. ஆகவே நீளவாக்குப் பயணத்துக்குப் பெரிய ரோட்டிலேயே இடம் வாங்கியாக வேண்டும், வேறு போக்கில்லை. கடைசி 300, 400 மீட்டர் வீட்டுக்குப் போகும் வழிக்கு மட்டும் உள்தெரு.

சரிவு பார்க்க 1:50 000 வரைபடம் உதவாது, அதில் 20 மீட்டருக்கு ஒரு சமஉயரக்கோடு. நகராட்சியிடம் 2 மீட்டர் கோடுகள் உள்ள வரைபடம் கேளுங்கள். ஒவ்வொரு 50 மீட்டருக்கும் தனித்தனியாகச் சரிவு எழுத வேண்டும். ஒரு கி.மீ.க்குச் சராசரி எடுத்தால், நடுவில் ஆளைக் கொல்லும் ஒரு 12% துண்டு தெரியாமலே போய்விடும்.

ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் ஒரே மாதிரி வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். மேடு ஏறுகிறவர் மெதுவாக, இப்படி அப்படி ஆடிக்கொண்டு போவார். பின்னால் வரும் கார் பொறுமை இழக்கும். அவருக்கு 1.8 மீட்டர் தனிப்பாதை கொடுங்கள். இறங்குகிறவர் பெடல் போடாமலே 35, 40 வேகத்தில் போவார். அவரை நிறுத்திய கார்களை ஒட்டிய ஒடுங்கிய பாதைக்குள் தள்ளினால் கார்க்கதவு திறக்கும் நாளில் ஆஸ்பத்திரிதான். அந்தப் பக்கம் வேகத்தை 30-ஆக்கி, தடத்தின் நடுவில் போகவிடுங்கள்.

7.4 மீட்டர் தெருவில் கணக்கு: 2.8 + 2.8 + ஏறும் பக்கம் 1.8. பஸ் போகும் தெருவில் 2.8 போதாது, கண்ணாடிகள் உரசும். அங்கே ஏறும் பாதையைக் கெர்பு என்கிற ரோட்டோரக் கல்விளிம்புக்குப் பின்னால், புல் ஓரத்தில் போட வேண்டும்.

மேட்டுவீடு

தேவி அக்கா, நன்றி. ஓடையோரம் டி'மாஸ் என்கிற நகராட்சித் திறந்தவெளிப் பசுமை நிலம் வழியாகப் போட்டால் சரிவும் குறையும், காரும் இல்லை என்று ஒரு யோசனை இருக்கிறதே?

தேவி (ஃபீனிக்ஸ்)

ஞாயிற்றுக்கிழமை காலைக்கு நல்லது தம்பி. சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை விட்டு வரும் நர்ஸ் அந்த வழியில் போவாரா என்று கேட்டுப் பாருங்கள். வீட்டு ஜன்னலும் விளக்கும் இல்லாத வழியை முதன்மை வழியாகக் கணக்கில் எடுக்காதீர்கள். வெள்ளத்தில் முதலில் போவதும் அதுதான். ரயில் பாதை ஓரம் சரிவுக்கு அதைவிட நல்லது. ஆனால் நிலம் பிராசா (பயணிகள் ரயில் நிறுவனம்) கையில், அனுமதிக்குத் தனி மனு போட வேண்டும்.

ரோபோட்_ரசிகன் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நீங்கள் எல்லாரும் சந்திப்புக்கும் சந்திப்புக்கும் நடுவிலேயே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சைக்கிள்காரர் அடிபடுவது பெரும்பாலும் சந்திப்பில். பாதை வரைகிறவர்களோ சந்திப்புக்கு 20 மீட்டர் முன்னால் கோட்டை நிறுத்திவிட்டு மறுபக்கம் மறுபடி தொடங்குவார்கள். உங்கள் மனுவில் சந்திப்புகளைத் தனித்தனியாக, ஒன்றுக்கு ஒரு பக்கம் என்று வையுங்கள்.

பக்கத்தெரு வாய்: மூலை வளைவு ஆரம் 9, 10 மீட்டர் இருந்தால் கார் வேகம் குறையாமலே திரும்பும். 4, 5 மீட்டராகக் குறையுங்கள். குப்பை லாரி திரும்பாது என்று ஆட்சேபம் வரும். லாரி மட்டும் ஏறிப் போகக்கூடிய தாழ்ந்த கல்தளத்தை மூலையில் போட்டால் அதற்குப் பதில் ஆயிற்று. சைக்கிள் பாதை பக்கத்தெருவைக் கடக்கும் இடத்தை 75 முதல் 100 மி.மீ. உயர்த்திய மேடையாக்குங்கள், கார் ஏறி இறங்க வேண்டும், சைக்கிள் மட்டமாகப் போக வேண்டும். வாயிலிருந்து 10 மீட்டருக்குள் கார் நிறுத்த இடமே இருக்கக்கூடாது, அது மறைத்தால் வேறு எதுவும் வேலை செய்யாது.

ஒரே பக்கத்தில் இருவழிப் பாதை போட்டால் மலிவு என்று எஞ்சினியர் சொல்லக்கூடும். நாம் இடதுபக்கம் ஓட்டுகிறோம். பக்கத்தெருவிலிருந்து வெளியே வந்து இடப்பக்கம் திரும்பும் டிரைவர் வலப்பக்கம் மட்டுமே பார்ப்பார். எதிர்த்திசையில் வரும் சைக்கிள் அவருக்கு இடப்பக்கத்திலிருந்து வரும். பக்கத்தெருவும் வீட்டு டிரைவ்வேயும் அதிகமுள்ள இடத்தில் இருவழிப் பாதை வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் முழுக்க ரயில் வேலியோ பள்ளி மதிலோ இருந்தால் அந்தப் பக்கம் தாராளமாகப் போடலாம், 3 மீட்டர் அகலத்தில், குறைந்தது 2.5.

ரோபோட் (சிக்னல் விளக்கு) உள்ள சந்திப்பு: காருக்கு முன்னால் சைக்கிளுக்கு 3 முதல் 5 நொடி பச்சை கொடுத்தால் இடப்பக்கம் திரும்பும் கார் அவரைப் பார்த்துவிடும். வலப்பக்கம் திரும்ப மூன்று தடம் கடக்கச் சொல்லாதீர்கள். நேராகக் கடந்து மறுமூலையில் ஒரு பெட்டிக்குள் நின்று, குறுக்குத்தெருப் பச்சையில் போகட்டும். 2 மீட்டருக்கு 3 மீட்டர் பெட்டி போதும். மேட்டில் இருக்கும் ரோபோட்டுக்கு எல்லாப் பக்கமும் ஒன்றாகச் சிவப்பாக இருக்கும் நேரத்தையும் பாருங்கள். பச்சை முடியும் தறுவாயில் மேடு ஏறி நுழைந்தவர் 20 மீட்டர் கடக்க 8, 9 நொடி எடுப்பார். சமதளக் கணக்கில் போட்ட நேரம் அவரை நடுவில் விட்டுவிடும்.

ரவுண்ட்அபவுட்டின் உள்ளே ஓரமாகச் சைக்கிள் கோடு மட்டும் போட விடாதீர்கள். வெளியேறும் கார் அந்தக் கோட்டின் குறுக்கே பாயும். கலந்து நடுத்தடத்தில் போகட்டும், இல்லையென்றால் முழுக்க வெளியே பிரித்து, வாயிலிருந்து ஒரு கார் நிற்கும் தூரம், 5 மீட்டர், தள்ளிக் கடக்கட்டும்.

சங்கிலி

மேட்டு விஷயத்தில் தேவி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் பெரிய ரோட்டில் இடம் வாங்குவது என்றால் அரைகுறையாக வாங்கக்கூடாது. ஜோஹன்னஸ்பர்க்கில் ரோஸ்பேங்க், சான்ட்டன் பக்கம் போட்ட பாதைகளில் கார் நிறுத்தினார்கள், டாக்ஸி ஓட்டினார்கள், பிறகு யாரும் போவதில்லையே என்று பேச்சு வந்தது. 2016-ல் மேயரான ஹெர்மன் மஷாபா, ஊரில் எல்லா ரோடும் தார் ஆகும்வரை புதுச் சைக்கிள் பாதை இல்லை என்று நிறுத்தினார். ஸ்பெயினில் செவில் நகரம் 2006-லிருந்து செய்தது நேர்மாறு. கார் நிறுத்துமிடத்தை எடுத்து, கெர்பு போட்டுப் பிரித்து, ஊர் முழுக்க ஒன்றோடொன்று சேரும்படி சில ஆண்டுகளுக்குள் போட்டார்கள். ஓட்டுகிறவர்கள் பல மடங்கு ஆனார்கள். அது சமதள ஊர், இருந்தாலும் கல் வைத்ததும் சேர்த்துப் போட்டதும்தான் வித்தியாசம்.

10 மீட்டர் தார் இருந்தால்: 3 + 3 தடம், இருபுறமும் 1.5 பாதை, 0.5 பிரிப்பு. நிறுத்திய காரை ஒட்டிப் போனால் பிரிப்பு 0.8-க்குக் குறையக்கூடாது, கதவுக்கு.

மேட்டுவீடு

கல் வைப்பது என்றால் மழைத்தண்ணீர் எங்கே போகும் என்பார்கள். ஜனவரி மழையை நினைத்தாலே பயம். டாக்ஸிக்கு என்ன செய்வது என்றும் யாரும் சொல்லவில்லை.

காரைக்கல் (மெரபேங்க்)

தண்ணீரிலிருந்து வருகிறேன். தார் ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரிந்திருக்கும். தண்ணீர் கெர்பு ஓரம் ஓடி, கெர்பு வாயிலுள்ள கேட்ச்பிட்டில் (வடிகால் குழி) இறங்கும். கார்த்தடத்துக்கும் சைக்கிள் பாதைக்கும் நடுவில் தொடர் கல் வைத்தால் தண்ணீர் கார்த்தடத்தில் தேங்கும். ஆகவே தொடர் கல் வேண்டாம். இரண்டு மீட்டர் நீள வார்ப்புக் காங்கிரீட் துண்டுகள், துண்டுக்குத் துண்டு 0.5 முதல் 1 மீட்டர் இடைவெளி. இரண்டு காரியம் கெட்டுப்போகும். ஒன்று, தண்ணீரோடு மணலும் இலையும் கண்ணாடித் துண்டும் சைக்கிள் பாதைக்குள் வந்து படியும். பெரிய தெருக்கூட்டும் லாரி 1.5 மீட்டருக்குள் நுழையாது. யார், எதை வைத்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை கூட்டுவார்கள் என்று மனுவிலேயே எழுதுங்கள். இரண்டு, துண்டின் முனையில் இரவில் கார் மோதும். ஒவ்வொரு வரிசையின் முதல் துண்டுக்கும் பிரதிபலிப்பான் குச்சி வேண்டும்.

இரும்பு வேண்டாம். போலார்டோ (தடுப்புத் தூண்) கிரேட்டோ (வடிகால் மூடி) எதுவாக இருந்தாலும் இரும்பு என்றால் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும், பிறகு அந்த இடத்தில் திறந்த குழி. கிரேட் தேவைப்பட்டால் பாலிமர் காங்கிரீட், பிளவுகள் சைக்கிள் போகும் திசைக்குக் குறுக்காக. நீளவாக்குப் பிளவில் சக்கரம் இறங்கினால் ஆள் கைப்பிடிக்கு மேலே பறப்பார்.

அகலத்தை அளக்கும்போது கெர்பு ஓரத்துச் சிமெண்டு வாய்க்காலைச் சேர்க்காதீர்கள். அது 300 மி.மீ. இருக்கும்; தாரும் சிமெண்டும் சேரும் விளிம்பு சக்கரத்தைப் பிடிக்கும். வரைபடத்தில் 1.5 என்று போட்டு நிஜத்தில் 1.2 ஆவது இப்படித்தான். கெர்பு உயரமும் அகலத்தைத் தின்னும். 60 மி.மீ.க்குள் இருந்தால் பெடல் இடிக்காது. அதற்கு மேல் 150 வரை என்றால் 200 மி.மீ. கூடுதலாக வேண்டும். மதில் மாதிரி உயர்ந்த தடுப்பு என்றால் 500. இது பிரிட்டிஷ் அரசின் 2020 வழிகாட்டுதலில் உள்ள கணக்கு, எந்த ஊருக்கும் பொருந்தும்.

இனி டாக்ஸி. டாக்ஸி நினைத்த இடத்தில் நிற்கவில்லை, ஆள் விரலைக் காட்டும் இடத்தில் நிற்கிறது. காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை பாதை நெடுகிலும் விரல் காட்டும் இடங்களைக் குறியுங்கள். சில புள்ளிகளில் குவியும்: கடை நிழல், பாலத்து அடி, படிக்கட்டு முடியும் இடம். அந்த இடங்களில் சைக்கிள் பாதையைப் பின்னால் வளைத்து, ரோட்டுக்கும் பாதைக்கும் நடுவில் 2 முதல் 2.5 மீட்டர் அகல மேடை கட்டுங்கள். ஒரு டாக்ஸிக்கு 7 மீட்டர், கூட்டமான இடத்தில் இரண்டுக்கு 14. மேடைக்குப் பின்னால் பாதையை மேடை மட்டத்துக்கு உயர்த்தி, ஆள் கடக்க வரிக்கோடு. ஏறுசரிவு 1:10-ஐவிடச் செங்குத்தாக வேண்டாம்.

மேடைக்கு இடம் எங்கே என்றால், தாருக்கு வெளியே. கடாஸ்டர் (நில எல்லை) வரைபடத்தில் ரோடு ரிசர்வ் (ரோட்டுக்கென்று ஒதுக்கிய நிலம்) எல்லையைப் பாருங்கள். தார் 7.4 இருக்கும் தெருவுக்கு ரிசர்வ் அதைவிடப் பல மீட்டர் அகலமாக இருப்பது சாதாரணம். மீதி இடத்தில் யாரோ தோட்டம் போட்டிருப்பார்கள், மதில்கூட நகர்ந்திருக்கும். அடியில் தண்ணீர் மீட்டர், மின்கேபிள், டெலிபோன் குழாய் இருக்கும். அவற்றை இடம் மாற்றும் செலவு சில நேரம் பாதை செலவைத் தாண்டும். அதனால் 10 இடத்தில் மேடை கேட்காமல், நெரிசலான மூன்றுக்கு முதலில் கேளுங்கள். கேட்பதற்கு முன்னால் அந்த வழித்தட டாக்ஸி சங்கத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். வரைபடம் முடிந்த பிறகு காட்டினால் பகைதான்.

சங்கிலி

ஒரு நடைமுறை விஷயம். எந்தத் தெருவுக்கு எப்போது மறுதார் போடப் போகிறார்கள் என்ற பட்டியலைக் கவுன்சிலர் மூலம் வாங்குங்கள். புதுத் தார் விழுந்ததும் பழைய கோடு எல்லாம் மறைந்துவிடும், எப்படியும் புதிதாகக் கோடு போட்டாக வேண்டும். தடத்தை 3.5-லிருந்து 3 ஆக்க அப்போது கூடுதல் செலவு அநேகமாக இல்லை. ஒரு வருஷம் தவறினால் அந்தத் தெருவுக்கு அடுத்த வாய்ப்பு பத்து வருஷம் கழித்து வரலாம். என்2 நெடுஞ்சாலையைத் தொடும் இடம் எதுவும் இருந்தால் அது சான்ரல் (தேசிய நெடுஞ்சாலை நிறுவனம்) கையில், நகராட்சிக்கு எழுதிப் பயன் இல்லை. முதல் மனுவில் அதைச் சேர்க்காதீர்கள், மற்றதும் சேர்ந்து தேங்கும்.

மேட்டுவீடு

மிகவும் நன்றி. கடைசியாக ஒன்று: எங்கள் பக்கம் முட்டுத்தெருக்களை இணைக்கும் படிக்கட்டுச் சந்துகள் இருக்கின்றன. அவற்றைக் கணக்கில் எடுக்கலாமா?

காரைக்கல்

எடுக்கலாம், இணைப்பாக மட்டும். படியை இடிக்க வேண்டாம். ஓரத்தில் 100 மி.மீ. அகலத்தில் காங்கிரீட் ஓடை ஒன்று வார்த்தால் சைக்கிளைச் சக்கரத்தோடு தள்ளி ஏற்றலாம். சுவரையோ கைப்பிடியையோ ஒட்டி வைக்காதீர்கள், பெடலும் ஹேண்டில்பாரும் இடிக்கும், 300 மி.மீ.யாவது தள்ளி. நடப்பவர் கைப்பிடி பிடிக்கும் பக்கத்தில் வேண்டாம், வயதானவர்கள் ஓடையில் கால் வைத்துவிடுவார்கள். ஏற வேண்டிய படி 20-க்கு மேல் போனால் பாரச் சைக்கிளைத் தள்ள முடியாது. அந்தச் சந்தை வரைபடத்தில் புள்ளிக்கோடாகப் போடுங்கள், இணைப்பு என்று எண்ணாதீர்கள். சந்தின் வாயில் மோட்டார் சைக்கிளைத் தடுக்க வளைந்த இரும்புக் கேட் வைத்திருந்தால் முதலில் அதை எடுக்கக் கேளுங்கள். நடுவில் ஒரே ஒரு காங்கிரீட் தூண், இருபுறமும் 1.5 மீட்டர் விட்டு, கார் நுழையாமல் இருக்க அதுவே போதும்.